மிளகும் மிளகாயும்: பிரான்ஸ் போர்க்களத்திலிருந்து ஊருக்கு எழுதப்பட்ட கடிதங்கள், 1914–1918

"இதைப் போர் என்று எண்ணிவிடாதே. இது போர் அல்ல, உலகத்தின் முடிவு. நம் முன்னோர்களைப் பற்றி மகாபாரதத்தில் சொல்லியிருக்கிறதே, அப்படிப்பட்ட போர் இது."

1915 ஜனவரி 24 அன்று, இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் காயத்தோடு கிடந்த பஞ்சாபி ராஜபுத்திரச் சிப்பாய் ஒருவர் ஊரிலிருந்த உறவினருக்கு எழுதிய வரிகள் இவை. பாரதக் கூத்தில் பதினெட்டாம் நாள் போரை விடிய விடியப் பார்த்த நமக்கு அந்த ஒப்புமையின் கனம் தெரியும். அவர் கையில் இருந்தது எந்திரத் துப்பாக்கிகளின் காலத்துப் போர். அதைச் சொல்ல அவரிடம் இருந்தது குருட்சேத்திரம்.

இந்தக் கடிதத்தின் மூலம் இன்று இல்லை. எந்த மொழியில், எந்த எழுத்தில், யார் கையால் எழுதப்பட்டது என்று காட்ட ஒரு துண்டுத் தாள்கூட மிஞ்சவில்லை. மிஞ்சியிருப்பது ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டுமே. அதுவும் தபாலைப் பிரித்துப் படித்த ராணுவத் தணிக்கை அலுவலகம் தன் வாராந்திர அறிக்கையோடு இணைத்து அனுப்பியதால் மிஞ்சியது. குடும்பத்துக்குப் போன கடிதங்கள் பரண்களிலும் தகரப் பெட்டிகளிலும் மட்கிப் போயின. வேவு பார்த்தவர்கள் எடுத்துவைத்த பகுதிகள் லண்டனில், இந்திய ஆட்சியைக் கவனித்த துறையான இந்தியா அலுவலகத்தின் ஆவணங்களுக்கு நடுவே பத்திரமாக இருக்கின்றன.

ஆகவே இந்த ஆய்வில் ஒவ்வொரு கடிதத்தையும் இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கிறது. சிப்பாய் தன் வீட்டுக்கு என்ன சொல்ல வந்தார் என்பது ஒன்று. தன் கடிதத்தை வேறொருவனும் படிக்கிறான் என்று தெரிந்தபின் அதை எப்படிச் சொன்னார் என்பது மற்றொன்று. என்னை ஆண்டுக்கணக்கில் இந்தக் கடிதங்களோடு கட்டிப்போட்டது இரண்டாவது கேள்விதான்.

போனவர்கள் யார்

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது. ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதற்கு நான்கு நாட்களுக்குப் பின், செப்டம்பர் 26 அன்று, லாகூர் டிவிஷனின் முதல் வீரர்கள் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கினார்கள். பின்னால் மீரட் டிவிஷனும் வந்து சேர்ந்தது. அக்டோபர் முடிவதற்குள் பெல்ஜியத்தில் ஈப்ர நகரையொட்டிய பதுங்குகுழிகளில் இந்தியர்கள் நின்றார்கள். ஹொல்லபெக் அருகே எந்திரத் துப்பாக்கிக் குழுவில் எல்லோரும் விழுந்தபிறகும் சுட்டுக்கொண்டே இருந்த சிப்பாய் குதாதாத் கானுக்கு, அக்டோபர் 31 அன்று நடந்த அந்தச் சண்டைக்காக விக்டோரியா கிராஸ் விருது கிடைத்தது. இந்தியர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை.

நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 1,38,000 இந்தியர்கள் பிரான்சுக்குப் போனார்கள். போர் வீரர்கள் மட்டுமல்ல, சுமை தூக்கவும் குழி வெட்டவும் போன தொழிலாளர்களும் இந்தக் கணக்கில் அடக்கம். காலாட்படை 1915 இறுதியில் மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக்குக்கு, மாற்றப்பட்டது. குதிரைப்படை 1918 தொடக்கம் வரை அங்கேயே இருந்தது. சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய்.

பஞ்சாபிச் சீக்கியர், பஞ்சாபி முஸ்லிம்கள், டோக்ராக்கள், கார்வாலிகள், கூர்க்காக்கள், பட்டாணியர், ஜாட்டுகள், ராஜபுத்திரர் எனப் பலரும் இந்தப் படையில் இருந்தார்கள். தமிழர் மிக அரிது. போர்க்குணம் சில இனங்களுக்கே உண்டு என்ற ஆங்கிலேயக் கோட்பாடு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே சென்னை ராணுவத்தைச் சுருக்கிக்கொண்டு வந்தது. பாதையும் பாலமும் போடும் பொறியியல் படையான சென்னை சாப்பர்களின் பிரிவுகள் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் மெசபடோமியாவிலும் வேலை செய்தன. நான் எடுத்துக்கொண்ட தொகுப்பு பிரான்ஸ் களத்தின் தபாலைச் சேர்ந்தது. அதனால் இந்தக் கடிதங்கள் உருது, குர்முகி, இந்தி எழுத்துகளில் வாழ்ந்த மனிதர்களுடையவை. நம் ஊர்க்காரர் குரல் இதில் இல்லையே என்ற ஏக்கம் எனக்கு உண்டு. ஆனாலும் ஊரை விட்டு வெகுதூரம் போன ஒருவன் வீட்டுக்கு எழுதும்போது கை எங்கே தயங்கும் என்பது எல்லா மொழிக்காரருக்கும் தெரிந்ததுதான்.

தபால் நின்று போன இடம்

தணிக்கை தொடங்கியதற்குக் காரணம் சிப்பாய்கள் எழுதியவை அல்ல, அவர்களுக்கு வந்தவை. அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த இந்தியர்கள் ஆங்கில ஆட்சியை எதிர்த்து 1913இல் தொடங்கிய கதர் புரட்சி இயக்கத்தின் தாள்களும், ஐரோப்பாவில் வாழ்ந்த இந்தியப் புரட்சியாளர்களின் எழுத்துகளும் படைக்குள் நுழைந்துவிடும் என்று அரசு அஞ்சியது. அதற்காக இந்தியத் தபாலைப் பிரித்துப் பார்க்க இ. பி. ஹோவெல் என்ற அதிகாரி நியமிக்கப்பட்டார். இந்திய நிர்வாகப் பணியிலிருந்து வந்தவர், மொழி தெரிந்தவர். அலுவலகம் முதலில் ரூவான் நகரில் இருந்தது, பிறகு பூலோன் துறைமுகத்துக்கு மாறியது. வரும் தபாலைப் பார்க்கத் தொடங்கியவர்கள் சில மாதங்களுக்குள் போகும் தபாலையும் பார்த்தார்கள்.

1915 மார்ச் வாக்கில் பிரான்சிலிருந்த இந்தியர்கள் வாரத்துக்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் கடிதங்கள் எழுதினார்கள். தணிக்கை அலுவலகத்தில் இருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. எல்லாவற்றையும் படிப்பது நடவாத காரியம். கைக்கு வந்ததில் ஒரு பங்கைப் பிரித்து, குறிப்பிடத்தக்கவை என்று தோன்றியவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து, வாரம் ஒருமுறை அறிக்கையோடு மேலே அனுப்பினார்கள். பெரும்பாலான கடிதங்களை அவர்கள் நிறுத்தவில்லை. திரும்ப ஒட்டி அனுப்பினார்கள். கடிதங்களைத் தடுப்பதைவிடப் படையின் மனநிலை எப்படி இருக்கிறது என்று நாடி பிடித்துப் பார்ப்பதே அந்த அலுவலகத்தின் உண்மையான வேலையாக மாறிப்போனது.

இதற்கு முன்னால் இன்னொரு சல்லடையும் இருந்தது. ரெஜிமெண்டிலேயே வெள்ளை அதிகாரி கடிதங்களைப் பார்த்து அனுப்ப வேண்டும். தன் மேலதிகாரியின் கண்ணில் படும் என்று தெரிந்த கடிதத்தில் ஒருவர் என்ன எழுதுவார்? அரசரின் உப்பைத் தின்றோம், அதற்கு நன்றி காட்டுவோம் என்று எழுதுவார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நமக்கும் பழக்கமான பேச்சு. இந்தக் கடிதங்களில் உப்பு திரும்பத் திரும்ப வருகிறது. அதை எல்லா இடத்திலும் பொய் என்று தள்ளுவது அந்த மனிதர்களை அவமதிப்பது. உப்பும் மானமும் அவர்கள் உண்மையிலேயே வாழ்ந்த சொற்கள். ஆனால் எந்தக் கடிதத்தில் அது நெஞ்சிலிருந்து வந்தது, எதில் அதிகாரிக்காக எழுதப்பட்டது என்று பிரிக்க ஒரு வழியும் இல்லை.

ஒரு கடிதம், பல கைகள்

சிப்பாய்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுத்து தெரிந்த தோழன் ஒருவனைச் சுற்றிப் பலர் உட்கார்ந்து ஆளுக்கொரு கடிதம் சொல்ல, அவன் எழுதினான். ஊரில் அதை வாங்கிய தாய்க்கும் மனைவிக்கும் படிக்கத் தெரியாது. தபால்காரரோ பள்ளிக்கூட வாத்தியாரோ உரக்கப் படித்துக் காட்டினார். திண்ணையைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். நம் கிராமங்களிலும் ஒரு தலைமுறைக்கு முன்புவரை இதுதான் நடைமுறை. வெளியூரிலிருந்து வந்த மகனின் கடிதம் தெருவின் பொதுச்சொத்தாக இருந்தது.

இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் அந்தக் கடிதங்களின் விறைப்பு புரிகிறது. நாம் "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்குவதைப்போல அவர்களும் இங்கே சுகம், உங்கள் சுகத்தை வேண்டுகிறோம் என்ற வாய்பாட்டோடுதான் தொடங்கினார்கள். பிறகு சித்தப்பா, பெரியப்பா, பக்கத்து வீட்டார் என்று ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி வணக்கம். பிறகு பணம் வந்ததா, நிலத்தகராறு என்ன ஆயிற்று, எருமை கன்று போட்டதா. இன்று படிப்பவருக்கு இவை சலிப்பூட்டலாம். மொழிபெயர்த்தவர்களுக்கும் சலித்திருக்க வேண்டும், பல இடங்களில் அந்தப் பகுதிகளை வெட்டிவிட்டார்கள். எனக்கு அந்த வெட்டு வலிக்கிறது. நீர் நிறைந்த குழியில் இடுப்பளவு நின்றுகொண்டிருந்த ஒருவன் தன் வயலுக்கு மழை பெய்ததா என்று கேட்டதே அந்தக் கடிதத்தின் உயிர். தணிக்கையாளருக்கு வேண்டியது அரசியல். அவர் வைத்துக்கொண்டது அரசியலை மட்டுமே.

மனைவிக்கு எழுதுவது எல்லாவற்றிலும் கடினம். சொல்பவனுக்கும் எழுதுபவனுக்கும் இடையே ஒரு கூச்சம். ஊரில் படித்துக்காட்டும் ஆணின் வாய் வழியாகத்தான் அது அவளைச் சேரும் என்ற கூச்சம் அடுத்தது. அந்தரங்கத்துக்கு அங்கே இடமே இல்லை. பெண்களிடமிருந்து களத்துக்குப் போன கடிதங்கள் தொகுப்பில் மிகக் குறைவாகவே இருக்கின்றன. இருப்பவையும் பெரும்பாலும் வேறொருவர் எழுதிக்கொடுத்தவை.

மிளகு தீர்ந்துபோயிற்று

கடிதம் பிரிக்கப்படுகிறது என்ற செய்தி பதுங்குகுழிகளில் விரைவிலேயே பரவிவிட்டது. அதன்பின் எழுத்தில் ஒரு மாற்றம். 1915இன் தொடக்கத்தில் ஒரு சிப்பாய் ஊருக்கு எழுதுகிறார்: இந்தியாவிலிருந்து வந்த கறுப்பு மிளகெல்லாம் தீர்ந்துவிட்டது, இன்னும் அனுப்பச் சொல்வார்கள், சிவப்பு மிளகு குறைவாகத்தான் செலவாகிறது. மளிகைக் கணக்குபோல ஒலிக்கும் இந்தச் செய்தியில் கறுப்பு என்பது இந்தியப் படை, சிவப்பு என்பது வெள்ளைப் படை. நம் ஆட்களைத்தான் முன்னால் தள்ளிச் சாகக் கொடுக்கிறார்கள், ஊரிலிருந்து இன்னும் ஆள் கேட்பார்கள், வராதே என்பதே அவர் சொல்ல வந்தது.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். இந்தியிலும் உருதுவிலும் காலி மிர்ச், லால் மிர்ச் என்று நிறத்தை மட்டும் மாற்றிச் சொன்னால் போதும். நம் மொழியிலோ மிளகு வேறு, மிளகாய் வேறு. தமிழில் அந்தக் கடிதம் எழுதப்பட்டிருந்தால் மிளகு தீர்ந்துவிட்டது, மிளகாய் வற்றல் அப்படியே இருக்கிறது என்று இருந்திருக்கும். சமையலறை தெரிந்த எந்தத் தாய்க்கும், படையிலிருக்கும் மகன் எதற்கு மசாலாக் கணக்கு எழுதுகிறான் என்று ஒரு கணத்தில் உறைத்திருக்கும். சங்கேதத்தின் சாமர்த்தியம் அங்கே இருக்கிறது. படித்துக்காட்டும் வாத்தியாருக்குப் புரியாமல் போகலாம், கேட்டுக்கொண்டிருக்கும் தாய்க்குப் புரிந்துவிடும்.

ஹோவெல் ஏமாறவில்லை. மிளகின் பொருளை அவர் கண்டுகொண்டார். நேராக ஒன்றும் சொல்லாமலே செய்தியைக் கடத்திவிடும் இந்த வித்தையைப் பற்றித் தன் அறிக்கையில் எழுதினார். இப்படி மறைத்துச் சொல்லும்போது, புரியும்வரை இதை யோசித்துப் பார் என்று ஒரு வாக்கியத்தையும் சேர்த்துவிடுகிறார்கள் என்பதையும் அவர் குறித்துவைத்தார். அந்த வாக்கியத்தைப் பார்த்தவுடன் தணிக்கைக்காரரும் யோசிக்கத் தொடங்கிவிடுவார் என்பதுதான் சிக்கல். அப்படியும் அவர்கள் எழுதினார்கள், வேறு வழி இல்லை. ஊரில் இருப்பவர் மேலோட்டமாகக் கேட்டுவிட்டுப் போய்விட்டால் தம்பி அடுத்த வாரமே படையில் சேர்ந்துவிடுவான்.

ஹோவெல் குறித்த இன்னொன்று என்னைத் தூங்கவிடாமல் செய்தது. 1915இன் தொடக்க மாத அறிக்கை ஒன்றில், வீரர்கள் கவிதை எழுதத் தொடங்கியிருக்கிறார்கள், இதை மனக்கலக்கத்தின் கெட்ட அறிகுறியாகவே பார்க்கிறேன் என்ற பொருளில் எழுதினார். அவருக்குக் கவிதை நோயின் குறி. அவர் சொன்னதில் உண்மையும் இருக்கிறது. நேராகச் சொல்ல முடியாதபோதுதான் இந்த மனிதர்கள் உவமையைத் தேடினார்கள். அவர்கள் உழவர் வீட்டுப் பிள்ளைகள், உவமையும் வயலிலிருந்தே வந்தது. மரத்திலிருந்து இலை உதிர்ந்து தரையில் இடமே இல்லாமல் மூடிவிடுவதைப்போல இங்கே நிலமெல்லாம் இறந்த மனிதர்கள், ஒரு வெற்றிடம்கூட இல்லை என்று 1915 ஏப்ரலில் இங்கிலாந்தின் பிரைட்டன் மருத்துவமனையிலிருந்து ஒருவர் எழுதினார். அதே ஆண்டில் இன்னொருவர், கோடையில் காய்ந்த காட்டில் பெருங்காற்று வீசும்போது பற்றிய தீ இது, சருகும் வைக்கோலும் ஏராளம், கடவுளைத் தவிர யாராலும் அணைக்க முடியாது என்று எழுதினார். எத்தனை பேர் இறந்தார்கள் என்று எழுதினால் வெட்டிவிடுவார்கள். இலை உதிர்கிறது என்று எழுதினால் போய்ச் சேர்ந்துவிடும்.

சேங்கொட்டை

அந்த ஏப்ரல் கடிதத்துக்கு முந்தைய மாதத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1915 மார்ச் 10 முதல் 13 வரை நூவ் ஷாப்பெல் என்ற சிறு கிராமத்துக்காக நடந்த சண்டையில் தாக்கிய படையின் பெரும் பங்கு இந்தியர்கள். அவர்களில் நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், காயமுற்றார்கள், அல்லது காணாமல் போனார்கள். காயம் ஆறியவர்கள் ஊருக்கு அனுப்பப்படுவார்கள் என்று நம்பியிருந்தார்கள். அனுப்பவில்லை, நடக்க முடிந்தவர்களைத் திரும்பவும் பதுங்குகுழிக்கே அனுப்பினார்கள். அந்த ஆண்டுக் கடிதங்களில் மிகக் கசப்பான இழை இதுதான். ஒருமுறை ரத்தம் சிந்தியவனை மறுபடி கூப்பிடுவது என்ன நியாயம் என்று அரசருக்கே ஒரு பெயரில்லா முறையீடு பிரைட்டனிலிருந்து எழுதப்பட்டது.

ஊருக்கு வரும் கடிதங்களில் ஒரு விசித்திரமான வேண்டுகோள் முளைத்ததும் இந்தக் காலத்தில்தான். பிலாவா அனுப்புங்கள் என்று கேட்டார்கள். பிலாவா என்பது நம் சேங்கொட்டை. வண்ணார் துணியில் அழியாத குறி போடப் பயன்படுத்தும் அதே கொட்டை. அதன் பால் தோலில் பட்டால் வெந்து கொப்பளிக்கும், கண்ணருகே பட்டால் வீங்கிவிடும். மருத்துவமனையில் சில வாரங்கள் படுக்க அது போதும். இந்தியத் தபாலில் வந்த பொட்டலங்களில் அது பிடிபட்டது.

இதைக் கோழைத்தனம் என்று முத்திரை குத்திப் போய்விடுவது எளிது. அன்றைய அதிகாரிகளில் பலர் அதைத்தான் செய்தார்கள். கையில் பட்ட காயங்களைப் பார்த்து இவர்கள் தாங்களே சுட்டுக்கொள்கிறார்கள் என்று முதல் மாதங்களிலேயே பேச்சு கிளம்பிவிட்டது. பிரைட்டனில் கிச்சனர் இந்திய மருத்துவமனைக்குப் பொறுப்பாக இருந்த கர்னல் புரூஸ் சீட்டன் ஆயிரம் காயங்களை எடுத்து ஆராய்ந்து, அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார். அவரும் அதே ராணுவத்தின் அதிகாரிதான் என்பதால் அந்த முடிவுக்கு எடை கூடுதல்.

சேங்கொட்டைக் கடிதங்களை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். அதைக் கேட்டவன் தன் தந்தையையோ அண்ணனையோ நம்பிக் கேட்டான். அதை வாங்கித் துணியில் முடிந்து, பொட்டலம் கட்டி, தபாலாபீசில் எடை போட்டு அனுப்பியவர்கள் சட்டப்படி குற்றம் செய்தார்கள். பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தே செய்திருப்பார்கள். தன் பிள்ளையின் உடம்பைக் கொஞ்சம் புண்ணாக்கி உயிரைக் காப்பாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்ட குடும்பத்தின் நெஞ்சு எப்படி இருந்திருக்கும்?

அரசர் கொடுக்காத அரண்மனை

எல்லாக் கடிதங்களும் இருட்டாக இல்லை. பிரைட்டனிலிருந்து போனவற்றில் வியப்பு பொங்கியது. கடற்கரை நகரமான அங்கே, குவிமாடங்களும் மினார்களும் கொண்ட ராயல் பெவிலியன் 1914 டிசம்பரிலிருந்து 1916 ஜனவரி வரை இந்திய வீரர்களின் மருத்துவமனையாக இருந்தது. சமயத்துக்கும் சாதிக்கும் ஏற்ப ஒன்பது சமையற்கட்டுகள் நடந்தன. தண்ணீர்க் குழாய்கள்கூட இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனி. அரசர் சிம்மாசனம் போட்டிருந்த இடத்தில் எங்கள் மருத்துவமனை இருக்கிறது, ஒவ்வொருவரையும் வெந்நீரில் குளிப்பாட்டுகிறார்கள், பூவைப்போலப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒரு சீக்கியச் சிப்பாய் எழுதினார். 

அரசர் தன் அரண்மனையை விட்டுக்கொடுத்தார் என்ற செய்தி உண்மை அல்ல. விக்டோரியா அரசி அந்தக் கட்டடத்தை 1850இலேயே பிரைட்டன் நகரத்துக்கு விற்றுவிட்டார். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அது நகரசபையின் சொத்து. ஆனால் அரசர் கொடுத்தார் என்ற கதை வசதியானது. உருதுவிலும் குர்முகியிலும் அச்சிட்ட படநூல் வீரர்களுக்கு வழங்கப்பட்டது. அஞ்சலட்டைகளிலும் அதே குவிமாடங்கள். படிக்கத் தெரியாத தாயும் மகன் அனுப்பிய அட்டையைப் பார்த்து, பிள்ளை அரண்மனையில் இருக்கிறான் என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். அந்த நிம்மதியை நான் குறைசொல்ல மாட்டேன். அதைத் தயாரித்தவர்களின் நோக்கம் பஞ்சாபில் இன்னும் ஆள் சேர்ப்பது.

அதே நகரில், முன்பு ஏழைகள் விடுதியாக இருந்த கட்டடத்தில் நடந்த கிச்சனர் மருத்துவமனையிலிருந்து வந்த குரல் வேறு. சுவர், முள்கம்பி, காவல், வெளியே போகத் தடை. வெள்ளைப் பெண்களோடு பழகிவிடுவார்கள் என்ற அச்சமே காரணம். சிறையில் கிடப்பதுபோல இருக்கிறோம் என்று அங்கிருந்தவர்கள் எழுதினார்கள். இரண்டு மருத்துவமனைகளுக்கும் இடையே நடந்து போகும் தூரம்தான்.

இன்னொரு தாய்

தொகுப்பு முழுவதிலும் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் கடிதம் 1916 ஜனவரியைச் சேர்ந்தது. முஸ்லிம் வீரர் ஒருவர் எழுதியது. பிரெஞ்சுக் கிராமம் ஒன்றில் மூன்று மாதம் ஒரு மூதாட்டியின் வீட்டில் தங்கியிருந்தார். அவள் பிள்ளைகள் போருக்குப் போயிருந்தார்கள், ஒருவன் இறந்துவிட்டான். யாரும் கேட்காமலே இவருடைய துணியைத் துவைத்தாள், படுக்கையைச் சரிசெய்தாள், பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டாள். காலையில் ரொட்டி, பால், வெண்ணெய், காபி. படை அந்த ஊரை விட்டுக் கிளம்பிய நாளில் அவள் இவர் தோளில் சாய்ந்து அழுதாள். இறந்த மகனுக்காக அவள் அழுது நான் பார்த்ததில்லை, எனக்காக அழுதாள் என்று வியந்து எழுதுகிறார். வழிச்செலவுக்கென்று ஐந்து பிராங்க் நோட்டைக் கையில் திணித்தாளாம்.

இந்தக் கடிதத்தில் மறைத்துச் சொன்னது ஒன்றும் இல்லை. தணிக்கைக்காரருக்கு இதில் வெட்ட ஒன்றும் இல்லை. ஆனால் இதைக் கேட்ட ஊரில் ஏதோ ஒன்று அசைந்திருக்கும். ஆளும் வெள்ளைக்காரியின் நிழல்கூடப் படாத தூரத்தில் வாழ்ந்த மக்களுக்கு, வெள்ளைக்காரத் தாய் ஒருத்தி நம் பிள்ளையின் செருப்பைத் துடைத்தாள் என்று ஒரு கடிதம் சொல்கிறது.

அதே அசைவு வேறு கடிதங்களிலும் தெரிகிறது. இங்கே பெண்கள் படித்திருக்கிறார்கள், கடை நடத்துகிறார்கள், ஆண்கள் போரில் இருக்க வயலை அவர்களே உழுகிறார்கள் என்று எழுதியவர்கள், கடிதத்தின் முடிவில் நம் வீட்டுப் பெண்பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள் என்று வற்புறுத்தினார்கள். நகையிலும் கல்யாணத்திலும் பணத்தைக் கரைக்காதீர்கள் என்றும் எழுதினார்கள். அறிவுரை சொல்லும் இந்தத் தொனி, போருக்கு முன் வீட்டின் கடைசிப் பிள்ளையாக இருந்தவனுக்கு வாய்த்திருக்காது. சண்டை, சாவு, குளிர் எல்லாவற்றையும் பற்றி வாய்மூடி இருக்க வேண்டியவன் தங்கையின் படிப்பைப் பற்றி மட்டும் தடையில்லாமல் பேச முடிந்தது. அதில் அவன் பேசியே தீர்த்தான்.

மொழி போன இடம்

ஆய்வாளன் என்ற முறையில் எனக்கு இதில் தீராத குறை ஒன்று உண்டு. தொகுப்பில் இருக்கும் ஒவ்வொரு வாக்கியமும் மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலம். ஒரு தாய்க்கு மகன் எழுதிய முதல் சொல் என்ன? அம்மா என்பதற்கு அவன் எந்தச் சொல்லைப் போட்டான்? கார்வாலி மலைக்காரனும் பட்டாணியனும் ஒரே ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். எழுதிக்கொடுத்த தோழனின் நடை எது, சொன்னவனின் நடை எது என்பதும் போய்விட்டது. எந்தக் கடிதம் எடுத்துவைக்கத் தகுந்தது என்று முடிவு செய்தது தணிக்கை அலுவலகம். ஆகவே இதிலிருந்து வீரர்கள் பெரும்பாலும் இப்படி நினைத்தார்கள் என்று கணக்குச் சொல்ல யாராலும் முடியாது. இந்தக் கடிதங்களைக் கொண்டு அவர்கள் விசுவாசிகள் என்றும், புரட்சியின் விளிம்பில் நின்றார்கள் என்றும் இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறார்கள். இரண்டுக்கும் மேற்கோள் கிடைக்கும்.

நூவ் ஷாப்பெல்லில் 1927இல் திறக்கப்பட்ட நினைவகச் சுவரில், கல்லறை தெரியாத நான்காயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவர்களில் கடிதம் எழுதியவர் எத்தனை பேர், தணிக்கை மேசையில் எந்தக் கடிதம் யாருடையது என்று பெயரோடு பெயரைப் பொருத்திப் பார்க்கும் வேலை இன்னும் செய்யப்பட வேண்டியது.

குரலே மிஞ்சிய இடம் ஒன்று இருக்கிறது, அது எதிரியின் நாட்டில். பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டோர்ஃபில் இருந்த கைதி முகாமில் இந்தியர்களும் அடைக்கப்பட்டிருந்தார்கள். உலக மொழிகளைப் பதிவு செய்யப் புறப்பட்ட ஜெர்மானிய அறிஞர்கள் அவர்களை ஒலிப்பதிவுக் குழல் முன்னால் நிறுத்திப் பேசச் சொன்னார்கள். 1916 டிசம்பர் 11 அன்று ஒரு பஞ்சாபிக் கைதி தன் மொழியில் பேசியது இசைத்தட்டில் பதிந்தது. பெர்லினில் அந்தத் தட்டு இன்றும் இருக்கிறது. யாருக்குப் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியாது, வீட்டுக்குப் போகாது என்பது மட்டும் தெரிந்திருக்கும்.

அவர் நான் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ஒரு மனிதன் இருந்தான் என்று கதைபோலத் தொடங்குகிறார். இந்துஸ்தானத்தில் அவன் வெண்ணெய் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஐரோப்பாவின் போருக்கு வந்தான், ஜெர்மனி அவனைப் பிடித்துவிட்டது. ஊருக்குப் போனால் அவனுக்கு அந்தச் சாப்பாடு திரும்பக் கிடைக்கும். இன்னும் இரண்டு ஆண்டு இங்கேயே இருந்தால் இறந்துவிடுவான். கடவுள் அருளால் சமாதானம் ஏற்பட்டால் நாங்கள் போய்விடுவோம்.